பாட்டி வீட்டுக் குழு: அருண் படகில் வருகிறான்

வெள்ளி, மாலை

செல்வி அக்கா: அருணிடமிருந்து யாருக்காவது செய்தி வந்ததா? சாபாங்கை விட்டுக் கிளம்புகிறேன் என்றான், அதோடு சரி. அம்மா சரியாகச் சாப்பிடவே இல்லை.

நிஷா: அம்மா, மாமா நடுக்கடலில் இருக்கிறார். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே போன் சிக்னல் போய்விடும்.

தேவா (கே.எல்.): சாபாங் எங்கே இருக்கிறது?

ராஜு மாமா: சுமத்ராவின் வடக்கு முனையில் ஒரு தீவு, பூலாவ் வே. அதில் உள்ள ஊர். அங்கிருந்து லங்காவி ஏறத்தாழ 270 கடல் மைல். பாய்மரப் படகு மணிக்கு 5, 6 மைல் போனாலே பெரிது. கணக்குப் போட்டுக்கொள்.

தேவா (கே.எல்.): சைக்கிளே வேகமாகப் போகும் போலிருக்கிறதே மாமா.

ராஜு மாமா: சைக்கிள்காரன் ராத்திரி வீட்டுக்கு வந்து தூங்குவான். அருணும் பிரியாவும் இரண்டு பேர் மட்டும், மாற்றி மாற்றிக் கண்விழிக்க வேண்டும். மலாக்கா நீரிணைக்குள் போகிற, வருகிற பெரிய கப்பல் எல்லாம் அந்த வழிதான்.

பிரியா: அண்ணி, நலமாக இருக்கிறோம்! செயற்கைக்கோள் இணையம் ஸ்டார்லிங்கை இப்போதுதான் போட்டோம். அது மின்சாரத்தைக் குடிக்கிறது, அதனால் பேட்டரி பார்த்துத்தான் போடுவோம். கப்பல் பாதையைத் தாண்டிவிட்டோம். ஞாயிறு காலை லங்காவி என்று நினைக்கிறோம். அவர் தூங்குகிறார், இப்போது என் முறை.

செல்வி அக்கா: அப்பாடா. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் எதற்கு லங்காவி? நேராகப் பினாங்குக்கு வந்தால் என்ன?

சனி, காலை

அருண்: அக்கா, பினாங்குக்கும் நேராக வரலாம், தடை இல்லை. ஆனால் லங்காவியில் நங்கூரம் போட இடம் தாராளம். அங்கே உள்ள குவா படகுத்துறையிலேயே இமிகிரேஷன், கஸ்டம்ஸ், ஜபாத்தான் லாவுட் (கடல்துறை அலுவலகம்) எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். அப்புறம் 1987-லிருந்து அது வரியில்லாத தீவு. எஞ்சினுக்குச் சில சாமான் வாங்க வேண்டும்.

தேவா (கே.எல்.): அண்ணே, வரியில்லாத தீவு என்றதும் எனக்கு ஒரு ஞாபகம் வந்தது.

அருண்: 48 மணி நேரம் தங்கினால்தான் வரிவிலக்கோடு வெளியே கொண்டுவர முடியும். அதுவும் அளவோடு. படகு என்பதால் பெட்டி பெட்டியாக ஏற்றலாம் என்று நினைக்காதே, கஸ்டம்ஸ்காரருக்கு நம் எல்லாரையும் விட அனுபவம் அதிகம்.

ராஜு மாமா: தம்பி, லங்காவி இருக்கிற கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். நீ ஞாயிறு போய்ச் சேருவது நல்லதுதான். ஆனால் அரைக்கால் சட்டை, சிலிப்பர் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போகாதே, வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். காலர் வைத்த சட்டை, முழுக்கால் சட்டை, ஷூ.

அருண்: படகில் ஒரே ஒரு ஷூ இருக்கிறது மாமா. அதில் பூஞ்சை பிடித்திருக்கிறது. தேய்க்கிறேன்.

நிஷா: மாமா, எம்டிஏசி (மலேசியாவுக்கு வருகிறவர்களின் இணைய வருகை அட்டை) போட்டாச்சா? வெளிநாட்டவர் பெரும்பாலும் எல்லாரும் வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் போட வேண்டும். 2024-லிருந்து கட்டாயம்.

அருண்: போட்டாச்சு. விமானத்தில் வருகிறவனுக்குத் தேதி தெரியும். எனக்குக் காற்று சொல்ல வேண்டும். எப்படிப் பயணம் என்ற இடத்தில் கடல் என்று போட்டேன். தங்கும் முகவரிக்கு அக்கா வீட்டைப் போட்டுவிட்டேன்.

செல்வி அக்கா: நல்ல காரியம் செய்தாய். மேல் அறையைக் கழுவித் துடைத்து வைக்கிறேன்.

செல்வி அக்கா: ஆனால் வெளிநாட்டவர் என்று படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது. பினாங்கில் பிறந்து, இங்கேயே பள்ளி இறுதித் தேர்வு எஸ்பிஎம் எழுதியவன்.

அருண்: ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் எடுத்த அன்றே அது முடிந்தது அக்கா. மலேசியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. படகும் ஆஸ்திரேலியக் கொடி. விதி என்னவோ அதுதான்.

ஞாயிறு, காலை

பிரியா: குவாவுக்கு முன்னால் நங்கூரம் போட்டாச்சு! மழை, ஆனால் பச்சை மலை எல்லாம் தெரிகிறது. மஞ்சள் கொடி ஏற்றியிருக்கிறோம்.

தேவா (கே.எல்.): மஞ்சள் கொடி எதற்கு? மஞ்சள் சட்டைப் பெர்சே பேரணியா?

அருண்: வம்பு பேசாதே. அது கியூ கொடி. இந்தப் படகில் நோய் யாருக்கும் இல்லை, உள்ளே வர அனுமதி கொடுங்கள் என்று அர்த்தம். அனுமதி கிடைக்கும் வரை கேப்டனைத் தவிர வேறு யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. முடிந்ததும் அதை இறக்கிவிட்டு, வலது பக்கம் மலேசியக் கொடி ஜாலுர் கெமிலாங் ஏற்ற வேண்டும்.

ராஜு மாமா: ஏற்றும்போது தலைகீழாகப் போய்விடாமல் பார். நிலாவும் நட்சத்திரமும் மேலே, கம்பத்தின் பக்கம். அது தலைகீழாகப் போனால் போலீஸ் வரைக்கும் போகும் விஷயம்.

நிஷா: பாட்டி இந்த மஞ்சள் கொடியைப் பற்றி ஒன்று சொல்லச் சொன்னார்கள், நான் தட்டச்சு செய்கிறேன். பாட்டியின் அப்பா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தபோது பினாங்கில் நேராக இறங்க விடவில்லையாம். ஜெரஜாக் தீவில் இறக்கி, துணியெல்லாம் வேகவைத்து, அங்கேயே அடைத்து வைத்தார்களாம். டெக் பயணிகளுக்குத்தான் அப்படி. மேல் வகுப்பில் வந்தவர்கள் நேராக வீட்டுக்குப் போனார்களாம்.

ராஜு மாமா: ஆமாம், அப்பா இதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சோற்றில் கல் இருந்ததையும் சேர்த்து.

அருண்: பாட்டனாருக்குத் தீவு. பேரனுக்கு ஒரு துண்டுத் துணி. சரி, கிளம்புகிறேன், பைலோடு கரைக்கு.

ஞாயிறு, மதியம்

அருண்: முடிந்தது! கப்பல் ஆட்கள் பட்டியல், பாஸ்போர்ட், படகுப் பதிவு, இந்தோனேசிய சியாபந்தார் (துறைமுக அதிகாரி) கொடுத்த வெளியேறும் அனுமதி. எல்லாவற்றுக்கும் பிரதி. முந்தின துறைமுகத்தின் காகிதம் இல்லாமல் பேச்சே தொடங்காது. ஒரு கவுண்டரிலிருந்து அடுத்த கவுண்டருக்கு நடந்தால் போதும். படகின் பெயரில் ஒரு ரப்பர் சாப் (முத்திரை) செய்து வைத்திருந்தோம், இந்தோனேசியாவில் அது இல்லாமல் வேலை நடக்காது. இங்கே யாரும் கேட்கவில்லை. நானே ஆசைக்கு ஒன்று அடித்தேன்.

அருண்: 90 நாள் கொடுத்திருக்கிறார்கள். கவுண்டரில் இருந்த தம்பி பிறந்த இடம் பினாங்கு என்று பார்த்துவிட்டு "பாலிக் கம்போங் கா?" (சொந்த ஊருக்குத் திரும்புகிறீர்களா?) என்று கேட்டான்.

செல்வி அக்கா: 😭

தேவா (கே.எல்.): பட்டியலில் அண்ணி யார்? இணை கேப்டனா?

பிரியா: நான் வெறும் ஆள், தேவா. காகிதத்தில் மட்டும்.

வியாழன், இரவு

அருண்: நாளை விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புகிறோம். பினாங்கு ஏறத்தாழ 60 மைல், வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேர வேண்டும். லங்காவி ஜபாத்தான் லாவுட்டில் போர்ட் கிளியரன்ஸ் வாங்கியாச்சு. மலேசியாவுக்குள் வந்தாச்சே என்று சும்மா சுற்ற முடியாது, துறைமுகம் மாறினால் இங்கே சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும், அங்கே போய் மறுபடி சொல்ல வேண்டும்.

ராஜு மாமா: வலை பார்த்து வா. கெடாக் கரை முழுக்க மீன் வலைதான். மிதவையில் சின்னக் கொடி குத்தியிருப்பார்கள், சிலதில் வெறும் மினரல் பாட்டில். கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் கத்தியோடு தண்ணீரில் குதிக்க வேண்டியதுதான். அப்புறம் சுமத்ரா காற்று. விடியும் முன் மேற்கே கறுத்தால் பாயைச் சுருட்டிவிடு, யோசிக்காதே. சும்மா இருந்த கடலில் பத்து நிமிடத்தில் 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்தில் அடிக்கும்.

செல்வி அக்கா: மாமா, இதையெல்லாம் தனியாக அவனுக்கு அனுப்பக்கூடாதா? அம்மா படிக்கிறார்கள்.

வெள்ளி, மாலை

பிரியா: தெரிகிறது! பினாங்கின் கொம்தார் கோபுரம் தெரிகிறது!

நிஷா: நானும் கர்னி கடற்கரையில் நின்று பார்க்கிறேன், ஒரே ஒரு வெள்ளைப் பாய் தெரிகிறது. அதுவா?

பிரியா: நாங்கள் பாயை அப்போதே இறக்கிவிட்டோம் நிஷா. காற்றே இல்லை, பாதி வழி எஞ்சின்தான். அது வேறு யாரோ.

அருண்: படகு கட்டும் மரினாவில் இடம் திங்கள்தான் காலியாகிறதாம். அதுவரை ஜெரஜாக் பக்கம் நங்கூரம் போடுகிறோம். பாட்டிக்குச் சொல்லுங்கள், நாங்களும் ஜெரஜாக்கில்தான்.

நிஷா: மாமா, அங்கே போக முதல் பாலத்தின் அடியில் போகணுமே. பாய்மரம் இடிக்காதா?

அருண்: எங்கள் மரம் தண்ணீரிலிருந்து 17 மீட்டர். நடுப்பகுதியில் பாலம் அதைவிட நல்ல உயரம், கப்பலே போகும். ஆனாலும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இடிக்கத்தான் போகிறது என்று தோன்றும். பிரியா கண்ணை மூடிக்கொண்டாள்.

செவ்வாய், காலை

அருண்: நேற்று மதியம் மரினாவுக்குள் வந்துவிட்டோம். நிறைய நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் வந்தோம். பினாங்கில் பெரிய ஏற்றத்தன்று தண்ணீர் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்கும், எங்கள் படகின் அடிப்பாகமே 1.9 மீட்டர் ஆழம் போகிறது. வற்றும் நேரத்தில் வாயிலில் சேறு தட்டும். காலையில் ராஜு மாமாவும் நானும் ஜபாத்தான் லாவுட் போய் வந்தாச்சு.

ராஜு மாமா: அங்கே எனக்குப் பழைய ஆள் ஒருவர் இருந்தார். தேநீர் குடித்த நேரம்தான் அதிகம்.

செல்வி அக்கா: எல்லாம் சரி. எப்போது வீட்டுக்கு வருகிறாய்? மேல் அறை கழுவிப் பத்து நாளாகிறது.

அருண்: அக்கா, பகலில் வருகிறோம். இரவு படகில்தான்.

செல்வி அக்கா: அரசாங்கத்துக்கு என் வீட்டு முகவரி கொடுத்தாய்!

அருண்: இரவில் மழை அடித்தால் கயிறு தளரும், படகு தளத்தில் போய் உரசும். தண்ணீர் வெளியேற்றும் பம்பு நின்றுவிட்டால் யார் பார்ப்பது? கொஞ்ச நாள் போகட்டும், அக்கம்பக்கம் பழகட்டும், அப்புறம் ஒருவரிடம் சொல்லிவிட்டு வரலாம்.

பிரியா: அண்ணி, உண்மையைச் சொன்னால் நான் உங்கள் வீட்டு ஏர்கண்டிஷனுக்கு வரத் தயார். கடலில் காற்றாவது இருக்கும். மரினாவுக்குள் சுவர் மறைக்கிறது, கேபின் இட்லிப் பானையாக இருக்கிறது. மேலே துணிப் பந்தல் கட்டியிருக்கிறோம். கரை மின்சாரம் உண்டு, ஆஸ்திரேலியா வோல்டேஜ்தான், ஆனால் மீட்டர் ஓடுகிறது.

செல்வி அக்கா: கழிப்பறை?

பிரியா: படகில் ஒன்று இருக்கிறது, மரினாவுக்குள் கழிவைக் கடலில் விடக் கூடாது, தொட்டியில் அடைக்க வேண்டும். அதனால் மேலே உள்ள பொதுக் குளியலறைக்கே போகிறோம். இரவில் டார்ச்சோடு.

செல்வி அக்கா: இதற்கா லட்சக்கணக்கில் செலவழித்தார்கள்.

நிஷா: அக்கம்பக்கம் யார் மாமா?

அருண்: ஒரு பக்கம் பிரெஞ்சுத் தம்பதி. அக்கா கொடுத்த முறுக்கைக் கொடுத்தோம், படகிலேயே உறை ஊற்றிய தயிர் வந்தது. மறுபக்கம் ஒரு காலிப் படகு. அதில் நீர்நாய்க் குடும்பம் குடியிருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் ராத்திரி நம் தளத்துக்கு வந்து மீனைத் தின்றுவிட்டு அங்கேயே கழித்துவிட்டுப் போகிறது. அந்த நாற்றத்துக்கு எந்த மருந்தும் இல்லை.

அருண்: அடியில் கொட்டலசு வேறு. இந்த வெதுவெதுப்பான தண்ணீரில் படகு சும்மா நின்றால் வாரக்கணக்கில் ஒட்டி வளரும். முக்குளிப்பவரை வைத்துச் சுரண்ட வேண்டும். ஓடுகிற படகுக்கு இவ்வளவு செலவில்லை, நிற்கிற படகுக்குத்தான்.

நிஷா: பாட்டி கேட்கிறார்கள், படகுக்குப் பூஜை போட்டாச்சா? தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய்விட்டு வந்து, முன்னால் எலுமிச்சை மிளகாய் கட்ட வேண்டுமாம். எத்தனை பேர் வரலாம்?

அருண்: கட்டுகிறோம். ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறணும், மரத்தளம் கீறும். தேங்காயைத் தளத்தில் உடைக்காதீர்கள், கரையில் உடைக்கலாம்.

தேவா (கே.எல்.): அண்ணே, 90 நாளுக்கு அப்புறம்? தாய்லாந்தின் ஹாட்யாய்க்குப் பஸ் ஏறி ஒரு சாப் அடித்துக்கொண்டு வந்துவிட வேண்டியதுதானே, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அருண்: திரும்பி வரும்போது மறுபடி 90 நாள் கொடுப்பதும் கொடுக்காததும் கவுண்டரில் இருப்பவர் கையில். அதை நம்பிப் படகை விட்டுவிட்டுப் போக மாட்டேன். அதற்குள் தாய்லாந்துப் பக்கம் படகிலேயே போய்விடலாம் என்று எண்ணம். தீபாவளிக்கு அப்புறம் பேசலாம்.

புதன், காலை

பிரியா: ஒரு உதவி வேண்டும். கேஸ் தீர்ந்துவிட்டது. எங்கள் ஆஸ்திரேலியச் சிலிண்டரின் திருகு இங்கே உள்ளதோடு சேரவில்லை, நிரப்பித் தரவும் மறுக்கிறார்கள்.

ராஜு மாமா: இதற்கா கவலை. நம் வீட்டுத் தோங் (கேஸ் சிலிண்டர்) ஒன்று கொண்டு வருகிறேன், 14 கிலோ. ரெகுலேட்டரும் தருகிறேன்.

அருண்: மாமா, வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். அதனால்தான் படகில் அதற்குத் தனிப் பெட்டி, கசிவு வெளியே வடியும்படி. அந்தப் பெட்டியில் 14 கிலோ தோங் நுழையாது. கரை மின்சாரம் இருக்கும்வரை மின்சார அடுப்பு போதும். அக்கா வீட்டில் பழையது ஒன்று இருக்கிறதாமே?

செல்வி அக்கா: இருக்கிறது. நிஷாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். இட்லியும் அனுப்புகிறேன்.

அருண்: மாமா? பார்த்தீர்களா?

ராஜு மாமா: நான் கீழே மரினா கேட்டில் நிற்கிறேன். காவலுக்கு நிற்கும் ஜாகாக்காரர் உள்ளே விட மாட்டேன் என்கிறார். தோளில் என்ன என்று கேட்கிறார்.

அருண்: வருகிறேன் மாமா, அங்கேயே நில்லுங்கள்.