டயர் உல்ஃப்: 'வெருஞமலி' என்றொரு பரிந்துரை

நண்பர்களுக்கு வணக்கம்.

டயர் உல்ஃப் (dire wolf) என்ற அழிந்துபோன விலங்குக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று பேசும் இந்த இழையில் இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன: ஆதி ஓநாய், கொடிய ஓநாய், பேரோநாய். ஒலிபெயர்த்தே எழுதிவிடலாம் என்றும் ஒரு கருத்து வந்தது. தமிழில் 'டயர்' என்று எழுதினால் வண்டிச் சக்கரம்தான் நினைவுக்கு வரும், அதனால் அது வேண்டாம். மற்ற மூன்றிலும் எனக்கு உள்ள தடை ஒன்றே. மூன்றிலும் 'ஓநாய்' இருக்கிறது. அந்த விலங்கு ஓநாய் இல்லை.

1854இல் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் அருகே, ஒகையோ ஆற்றங்கரையில் ஒரு தாடையெலும்பு கிடைத்தது. தொல்லுயிரியலாளர் ஜோசப் லெய்டி 1858இல் இந்த விலங்குக்குக் கேனிஸ் டைரஸ் என்று பெயரிட்டார். நாயும் ஓநாயும் இருக்கும் அதே பேரினம். 1918இல் ஜான் மெரியம் என்ற இன்னொரு தொல்லுயிரியலாளர் இதைத் தனியாகப் பிரித்து ஏனோசயான் என்றார், ஆனால் பெரும்பாலானோர் ஏற்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலஸின் லா பிரேயா தார்க்குழிகளில் இந்த விலங்கு ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் முழுக்க ஏறத்தாழ 400 மண்டையோடுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் பெருத்த ஓநாய் மண்டை போலத்தான் இருக்கும். எலும்பை மட்டும் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஓநாய் என்றுதான் தோன்றும்.

2021இல்தான் வழக்கு தீர்ந்தது. தார்க்குழி எலும்புகளில் டி.என்.ஏ. கிடைக்கவில்லை. ஐடஹோ, வயோமிங், டென்னசி, ஒகையோ என்று மற்ற இடங்களிலிருந்தும் சேர்த்து 46 மாதிரிகளைச் சோதித்ததில், ஐந்தில் மட்டும் போதுமான டி.என்.ஏ. இருந்தது. அதன்படி இந்த மரபு ஓநாய் மரபிலிருந்து சுமார் 57 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. வட அமெரிக்காவில் சாம்பல் ஓநாயோடும், ஓநாயைவிடச் சிறிய உறவினமான கொயோட்டியோடும் ஒரே நிலத்தில் வாழ்ந்தும், அவற்றோடு கலந்ததற்கான தடயம் எதுவும் அந்த மரபணுக்களில் இல்லை. நம் காட்டுச் செந்நாய்கூட ஓநாய்க்கு இதைவிட நெருங்கிய உறவு. அப்புறம் இதை எப்படி ஓநாய் என்பது?

'கழுதைப்புலி புலியா?' என்று கேட்கலாம். சரிதான், ஆனால் அது மக்கள் வாயில் புழங்கி நிலைத்துவிட்ட பெயர், அதை யாரும் மாற்றப்போவதில்லை. நாம் இன்று புதிதாக ஆக்கும் சொல்லில், தவறு என்று தெரிந்த ஒன்றை ஏன் சேர்த்துக் கட்ட வேண்டும்?

மூன்றில் 'ஆதி ஓநாய்' மேலும் சிக்கலானது. அதைப் படிக்கும் பள்ளி மாணவர், நாய் இதிலிருந்துதான் வந்தது என்று எடுத்துக்கொள்வார். நாய் வந்தது சாம்பல் ஓநாயிலிருந்து, அதுவும் யூரேசியாவில், பனியூழிக் காலத்தில். கடந்த ஒரு இலட்சம் ஆண்டுகளைச் சேர்ந்த 72 ஓநாய்களின் மரபணுத்தொகைகளை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், நாய்கள் மேற்கு யூரேசிய ஓநாய்களைவிடக் கிழக்கு யூரேசியாவின் பழைய ஓநாய்களுக்கு நெருக்கம் என்று தெரிந்தது. ஆனால் அந்த 72இல் எதுவுமே நாயின் நேரடி மூதாதை இல்லை. அந்த மூதாதைக் கூட்டம் இன்னும் கையில் கிடைக்காத, அழிந்துபோன ஓர் ஓநாய்க் கூட்டம். 'தொல்லோநாய்' என்ற சொல்லை இந்தப் பனியூழி ஓநாய்களுக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் வலுவான கருத்து. தொல்லுயிர், தொல்லெச்சம் வரிசையில் இயல்பாக உட்காரும். டயர் உல்ஃபுக்கு இதைக் கொடுத்துவிட்டால் பிறகு இதற்குச் சொல் இருக்காது.

சரி, அந்த விலங்கை என்னவென்று அழைப்பது? ஏனோசயான் என்ற பெயரே வழி காட்டுகிறது. கிரேக்கத்தில் 'அஞ்சத்தக்க', 'நாய்' என்ற இரண்டும் சேர்ந்தது அது. அச்சத்துக்கு நம்மிடம் 'வெரு' இருக்கிறது. வெருவுதல், வெருட்டுதல் என்று வழக்கிலும் உண்டு. நேராகச் சேர்த்தால் 'வெருநாய்'. ஆனால் வகுப்பில் வேகமாகச் சொன்னால் 'வெறிநாய்' என்றே காதில் விழும். நோயோடு குழம்பும் பெயர் ஆகாது. ஆகவே, நாய்க்குச் சங்க இலக்கியம் ஆளும் 'ஞமலி'யை எடுத்துக்கொண்டு 'வெருஞமலி' என்று பரிந்துரைக்கிறேன். ஞமலி இன்று பேச்சில் இல்லையே என்றால், அதுதான் இங்கே வசதி. நாய், ஓநாய், செந்நாய் எல்லாம் ஏற்கெனவே ஆளுக்கொரு விலங்கைச் சுமக்கின்றன. தனிப் பேரினத்துக்கு, எந்த விலங்கும் குடியேறாத சொல் வேண்டும். 'ஞாளி' இதைவிடச் சுருக்கம்தான், ஆனால் 'யாளி' என்று தவறாகப் படிக்க நிறைய வாய்ப்பு.

2025 ஏப்ரலில் கொலாசல் என்ற மரபணுத் தொழில்நுட்ப நிறுவனம், டயர் உல்ஃபை மீட்டுக் கொண்டுவந்ததாகச் சொல்லி அறிவித்த குட்டிகளுக்கு இந்தப் பெயரை நீட்டக் கூடாது. அவை சாம்பல் ஓநாயின் உயிரணுவில் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து பிறந்தவை. 'மரபணு திருத்திய ஓநாய்' என்பதே போதும்.

இன்னொரு சொல்லையும் இதோடு முடித்துவிடலாம். தொல்லோநாய் நாயாக மாறிய பிறகு வரும் முதல் நாய்களுக்குத் 'தொன்னாய்'. இதற்கு ஐயமற்ற சான்று ஜெர்மனியின் பான் நகரில், ஓபர்காசலில் 1914இல் கிடைத்தது. சுமார் 14,200 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆணோடும் பெண்ணோடும் புதைக்கப்பட்ட குட்டி. ஏழு மாதம்கூட நிரம்பவில்லை. பற்களின் எனாமலில் உள்ள கோடுகளை வைத்து, நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் காய்ச்சல் அதற்குத் திரும்பத் திரும்ப வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த நிலையில் யாரோ தண்ணீர் கொடுத்து, துடைத்து, கூடவே வைத்துப் பார்த்துக்கொள்ளாமல் அது அவ்வளவு நாள் உயிரோடு இருந்திருக்காது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவியிருக்க முடியாத ஒரு குட்டிக்கு இதைச் செய்திருக்கிறார்கள். தொன்னாய் என்ற தலைப்புச் சொல்லின் கீழ் எடுத்துக்காட்டாக இதைத்தான் போட வேண்டும். பெல்ஜியத்தின் கோயே குகை மண்டையோடு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பழையதுதான், ஆனால் அது நாயா ஓநாயா என்பதே சர்ச்சையில் இருக்கிறது. அதற்கு இரண்டு சொல்லையும் இப்போது ஒட்ட வேண்டாம்.

நாயின் அறிவியல் பெயரான கேனிஸ் ஃபெமிலியாரிஸுக்கு 'வீட்டுநாய்' என்று ஒருவர் எழுதியிருந்தார். தெருவில் பிறந்து தெருவிலேயே வளர்வதும் அதே இனம். 'நாய்' என்று மட்டும் இருக்கட்டும்.

வெருஞமலியில் புணர்ச்சி பற்றியோ ஒலி பற்றியோ மறுப்பு இருந்தால் எழுதுங்கள். 'ஓநாய்' இல்லாத வேறு நல்ல சொல் வந்தால் இதை விட்டுக்கொடுக்க நான் தயார்.