குகனின் மோட்கேஜும் குடும்பக் குழுவும்

ஞாயிறு, 19 அக்டோபர் 2025

குகன்: எல்லாருக்கும் வணக்கம். நாளைக்குத் தீபாவளி, எனக்கு வட்டிக் கவலை. ஹரோ வீட்டுக் கடனின் பிக்ஸ், அதாவது வட்டி மாறாத காலம், நவம்பர் 30 முடிகிறது. 2023இல் 5.79%க்கு எடுத்தது. சும்மா இருந்தால் டிசம்பரிலிருந்து எஸ்விஆர், அதாவது வங்கி தானே வைக்கிற வழமை வட்டி, 7%க்கு மேல். பாக்கி 200,000 பவுண், 20 வருடம். புரோக்கர் இரண்டு வேரியபிள் (வட்டி மாறுகிற) டீல் அனுப்பியிருக்கிறார்.

குகன்: ஒன்று ட்ராக்கர், 2 வருடம். இங்கிலாந்து வங்கியின் வட்டிக்கு மேல் 0.45. இப்போது 4.45%, மாதம் 1,260. மற்றது டிஸ்கவுண்ட், அதுவும் 2 வருடம். ஒரு பில்டிங் சொசைட்டியின் (வீட்டுக் கடன் சங்கம்) எஸ்விஆர் 7.24, அதில் 3.05 கழிவு. 4.19%, மாதம் 1,232. இரண்டுக்கும் பீஸ் 999.

பிரேமா அக்கா: இதில் யோசிக்க என்ன இருக்கு? 1,232 எடு.

மாமி: நாளைக்கு யார் யார் வருகிறீர்கள்? பயத்தம் பணியாரம் சுட்டுவிட்டேன்.

ரமணன் அண்ணா: பொறு அக்கா. 3.05 கழிவு என்பது மாறாது, சரி. எதிலிருந்து கழிக்கிறார்கள்? அவர்களுடைய எஸ்விஆரிலிருந்து. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர்கள் இஷ்டம். ட்ராக்கர் அப்படியில்லை, இங்கிலாந்து வங்கி அசைந்தால் மட்டும்தான் அசையும்.

சிவம் மாமா: அதை என்னிடம் கேள் தம்பி. 2009 மார்ச்சில் வட்டியை 0.5%க்கு இறக்கினார்கள். ட்ராக்கர் வைத்திருந்தவன் ராஜா மாதிரி இருந்தான். நான் எஸ்விஆரில் கிடந்தேன். 2012இல் இங்கிலாந்து வங்கி அதே 0.5இல்தான் நின்றது, என்னுடைய வங்கி தன்பாட்டில் கூட்டிவிட்டது. ஒரு கடிதம், அவ்வளவுதான்.

குகன்: இப்போது இறங்குகிற காலம்தானே மாமா? ஆகஸ்டில் 4%க்கு வந்தது.

ரமணன் அண்ணா: அதுவும் வங்கிக் குழுவில் 5க்கு 4 என்று வாக்குப் போட்டு. அடுத்த கூட்டம் நவம்பர் 6. இறங்குமென்று எழுதித் தர ஆளில்லை. 2021 டிசம்பரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை தொடர்ந்து 14 தடவை ஏற்றினார்கள், மறந்துபோச்சா? டிஸ்கவுண்டில் இன்னொன்றும் பார். இதற்குக் கீழே இறங்காது என்று ஓர் எல்லை போட்டிருப்பார்கள்.

குகன்: பார்த்தேன், நாலாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் 3.75% என்று கிடக்கு. ட்ராக்கருக்கு அப்படி எதுவும் இல்லை.

பிரேமா அக்கா: எல்லாம் சரி, எஸ்விஆரைத் தொடாமல் விட்டால்? கால் சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். 2 வருடத்தில் வட்டி மட்டும் 1,000 பவுண் மிச்சம். என் சீட்டுக் கழிவை விட நல்லது 😄

ரமணன் அண்ணா: ஓம், அந்தக் கணக்குச் சரி. குகன், இடையில் விட்டால் தண்டம் எவ்வளவு?

குகன்: ட்ராக்கருக்கு இல்லை. டிஸ்கவுண்டுக்கு முதல் வருடம் 2%, இரண்டாம் வருடம் 1%. ஆனால் இடையில் ஏன் விடப்போகிறோம்?

தர்ஷினி: ஏனா? பிள்ளை கிராமர் பள்ளிக்கான லெவன் பிளஸ் சோதனை பாஸ் பண்ணினதை இவர் சொல்லவில்லையா? செப்டெம்பரில் பள்ளி தொடங்க முதல் சட்டனுக்கு வீடு மாறப்போகிறோம்.

சிவம் மாமா: அட! கெட்டிக்காரி. வாழ்த்துக்கள்!!

மாமி: என் செல்லம் ❤️ நாளைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா.

குகன்: அது இன்னும் முடிவாகவில்லை.

தர்ஷினி: உங்களுக்கு முடிவாகவில்லை.

ரமணன் அண்ணா: இதை முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஜூலை முடிவில் விற்றால் பாக்கி 195,700 அளவில் இருக்கும். 2% தண்டம் 3,900க்கு மேல். அந்த 8 மாதத்தில் டிஸ்கவுண்டில் மிச்சம் பிடித்தது 350கூட வராது.

பிரேமா அக்கா: டீலைப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்கிறார்களே?

ரமணன் அண்ணா: கொண்டுபோகலாம், அவர்கள் திரும்ப வருமானத்தையும் வீட்டையும் பார்த்துச் சரி சொன்னால். அதை நம்பிக் கழுத்தைக் கொடுக்காதே. பிக்ஸிலும் பெரும்பாலும் இதே தண்டக் கதைதான்.

தர்ஷினி: அப்ப ட்ராக்கர்.

ரமணன் அண்ணா: ட்ராக்கர்தான், ஆனால் இது இல்லை. 8 மாதத்துக்கு 999 பீஸ் கட்டுவதா? பீஸ் இல்லாத ட்ராக்கர் கேள். இப்போதைய வங்கியிடமே கேட்டால் லோயர் வேலையும் இல்லை.

(மாலை 6:40)

குகன்: புரோக்கர் ஞாயிற்றுக்கிழமையும் பதில் போடுகிறார், பாவம். நம்முடைய வங்கியிலேயே இருக்காம். பீஸ் இல்லை, வெளியே வரத் தண்டமும் இல்லை. 0.85 மேல், அதாவது 4.85%. மாதம் 1,303. முதல் ட்ராக்கரை விட 43 பவுண் கூட!

பிரேமா அக்கா: 43ஐ எட்டால் பெருக்கு. 344.

ரமணன் அண்ணா: தவணையை மட்டும் பார்க்காதே அக்கா, அசலும் மெதுவாகத்தான் குறையும். வட்டியாகப் பார்த்தால் 530 அளவில் கூடப் போகும். அப்படியும் 999க்குப் பாதிதான்.

சிவம் மாமா: வீடு விற்க இழுபட்டால்?

ரமணன் அண்ணா: ஒரு வருடம் மூன்று மாதம் வரை இதுதான் லாபம். அதற்கு மேல் போனால் அப்போது மாற்றலாம், கதவு திறந்துதானே இருக்கு.

குகன்: சரி, நாளைக்கு ஃபோர்ம் அனுப்பச் சொல்கிறேன்.

தர்ஷினி: சனிக்கிழமை 11 மணிக்குச் சட்டனில் ஒரு வீடு பார்க்க புக் பண்ணிவிட்டேன். மூன்று அறை, பின்னுக்குத் தோட்டம்.

குகன்: எப்போது புக் பண்ணினாய்?

தர்ஷினி: போன கிழமை.