எடை சரியாக இருந்தால் பிள்ளைக்கு ஒன்றுமில்லையா?

மழைத்துளி:
பிள்ளைகளுக்கு வரும் உணவுக் கோளாறு (பட்டினி கிடப்பது, சாப்பிட்டதை வாந்தி எடுப்பது போன்ற மனநோய்) பற்றி கணக்கன் சார் நேற்று எழுதியது இது: "வாராவாரம் எடை பாருங்கள். எடை குறையவில்லை என்றால் ஒன்றுமில்லை." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. என் தங்கையின் எடை வயதுக்கேற்ற அளவில்தான் இருந்தது. ஆனால் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும், தலை வாரினால் சீப்பு நிறைய முடி. மருத்துவமனையில் சேர்த்தபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு வெறும் 44. எடை சரிதான் சார், இதயம்தான் சரியில்லை.

கணக்கன்:
ஒரு வீட்டுக் கதையை வைத்து ஊருக்கே சட்டம் போடாதீர்கள். 20 வருடம் பிள்ளைகளோடு பழகியவன் நான். எண் பொய் சொல்லாது.

மழைத்துளி:
பொய் சொல்லாது, பாதியைத்தான் சொல்லும். பருமனாக இருந்த பிள்ளை பட்டினி கிடந்து மளமளவென்று இளைத்தாலும் எண் 'சரி' என்றே காட்டும். 2013-இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, நிறைய இளைத்தும் எடை இயல்பான அளவிலோ அதற்கு மேலோ இருக்கும் இந்த வகையையும் சேர்த்திருக்கிறது. சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பிள்ளைகள் பலருக்கும் எடை பெரிதாக மாறுவதில்லை. பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்புதான் தடுமாறும்.

தமிழ்ப்பித்தன்:
நடுவில் ஒன்று. அனோரெக்சியாவை, அதாவது எடை கூடிவிடுமோ என்று பயந்து பட்டினி கிடக்கும் இந்த நோயை, 'பசியின்மை' என்று எழுதுவதை நிறுத்துங்கள். பசி இருக்கும், வேண்டுமென்றே அடக்குகிறார்கள்.

வெள்ளைச்சீருடை:
அந்த 'வேண்டுமென்றே'வை முதலில் எடுங்கள். இது நோய், பிடிவாதம் இல்லை. 1944-45இல் மின்னசோட்டாவில் ஆரோக்கியமான 36 ஆண்களை அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார்கள். அவர்களுக்கு நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். பட்டினியே மனசை மாற்றிவிடும்.

தமிழ்ப்பித்தன்:
சொல் பற்றிப் பேசினால் பாடம் நடத்துகிறீர்கள். போன மாதம் தூக்கம் பற்றிய இழையிலும் இப்படித்தான் என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

கணக்கன்:
அப்போ எடையே பார்க்க வேண்டாமா? நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

மழைத்துளி:
மருத்துவர் பார்க்கட்டும். வீட்டில் வாராவாரம் ஏற்றி நிறுத்தாதீர்கள். "பூசினாற்போல ஆகிவிட்டாயே" என்று ஓர் உறவினர் சொன்ன நாளிலிருந்துதான் தங்கை அந்த எந்திரத்தில் ஏறி ஏறி இறங்கினாள். வீட்டில் உடம்பைப் பற்றிய பேச்சை நிறுத்துங்கள், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடினால் கவனியுங்கள். அவளை மீட்டது லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழி சிகிச்சைதான். அம்மா எதிரே உட்கார்ந்து, ஒரு தட்டுக்கு ஒன்றரை மணி நேரம், "இன்னும் ஒரு வாய்டா" என்பார். அவள் கத்துவாள், அழுவாள். அம்மா எழுந்திருக்க மாட்டார்.

கணக்கன்:
அந்தச் சிகிச்சையிலும் வாராவாரம் எடை பார்க்கிறார்களே! அதைத்தானே நானும் சொன்னேன்?

வெள்ளைச்சீருடை:
அது நோய் தெரிந்த பிறகு சார், சிகிச்சை தருபவர் பார்ப்பது.

கணக்கன்:
ஆக, பார்க்கிறார்கள்.

மழைத்துளி:
நீங்கள் எழுதியது அது இல்லை. 'ஒன்றுமில்லை' என்று எழுதினீர்கள். மேலே போய் இன்னொரு முறை படியுங்கள்.