மறு: இக்னிஷன் டைமிங் – ‘நேரம்’ வேண்டாம், ‘முந்தல்’ போதும்

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய பெட்ரோல் லாரி எஞ்சின் பற்றிய கையேட்டுக்காக, ‘இக்னிஷன் டைமிங்’ (சிலிண்டருக்குள் தீப்பொறி எப்போது விழவேண்டும் என்பது) என்பதற்குச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவை: எரிபற்றல் நேரம், பற்றவைப்பு நேரம், தீமூட்டு காலம். மூன்றிலும் முதற்பாதி பற்றி எனக்குச் சண்டை இல்லை. பின்பாதிதான் இடறுகிறது. மெக்கானிக் சரிசெய்வது நேரத்தை அன்று, பிஸ்டன் அசைவால் சுழலும் கிராங்க் தண்டின் கோணத்தை. கையேட்டில் ‘6 பாகை’ என்றுதான் இருக்கும். மில்லிநொடி எங்கும் இராது.

அது ஏன் கோணமாக இருக்கிறது என்பதிலேயே சொல்லும் கிடைத்துவிடுகிறது. பொறி விழுந்ததும் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. பிஸ்டன் உச்சியைக் கடந்து சற்றே இறங்கத் தொடங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கவேண்டுமானால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி விழவேண்டும். எரிய 2 மில்லிநொடி ஆகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 600 சுற்றில் அதற்குள் கிராங்க் தண்டு ஏறத்தாழ 7 பாகை திரும்பும். 3000 சுற்றில் 36 பாகை. (வேகம் கூடும்போது சுழிப்பும் கூடி எரிதல் விரைவதால் உண்மையில் அவ்வளவு தேவைப்படாது.) ஆகவே வேகம் ஏற ஏறப் பொறி முந்தவேண்டும். பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் சுழற்சியில் வெளியே விரிந்து இதைத்தான் செய்கின்றன. சுமை குறைவாக இருக்கையில் கலவை மெதுவாக எரியும். அப்போது எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்கும் ‘வெற்றிடக் குமிழ்’ இன்னும் கொஞ்சம் முந்தவைக்கிறது.

முந்துவதுதான் இங்கே நடக்கிற வேலை முழுவதும். அதனால் என் முன்மொழிவு: முழுப்பெயர் ‘தீப்பொறி முந்தல்’, புழக்கத்தில் வெறும் ‘முந்தல்’. அளவைச் சொல்ல ‘முந்தல் 6 பாகை’.

‘பொறிமுந்தல்’ என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பொறி என்றால் தீப்பொறி, இயந்திரம், எலிப்பொறி, போதாதற்கு ஐம்பொறி. ஒரு லாரி இன்னொரு லாரியை முந்துகிறது என்று படிப்பவர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. ‘தீ’ இருக்கட்டும்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. முந்தலுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘அட்வான்ஸ்’ என்ற ஒரே சொல் நிலையையும் செயலையும் சேர்த்துக் குறிக்கிறது. புதிதாகக் கற்பவர் அங்கேதான் குழம்புகிறார். நம்மிடம் தன்வினையும் பிறவினையும் இருக்கின்றன. பொறி முந்துகிறது, மெக்கானிக் முந்தவைக்கிறார். அதற்கு எதிர்ச்சொல்லான ‘ரிட்டார்ட்’ என்பதற்கு எங்கும் ‘பிந்தல்’ போடக்கூடாது என்பேன். 10 பாகையிலிருந்து 6 பாகைக்குக் கொண்டுவந்தால் பொறி இன்னும் உச்சிக்கு முன்புதான் விழுகிறது. அது முந்தலைக் குறைத்தல். உச்சிக்குப் பின் விழுந்தால் மட்டுமே பிந்தல்.

சொல் நிற்குமா என்று பார்க்க, கையேட்டுப் பத்தியாகவே எழுதிப் பார்த்தேன்:

“முதலில் பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் முனைகள்) இடைவெளியைச் சரிசெய்யவும், இடைவெளி மாறினால் முந்தலும் மாறும். எஞ்சினைச் சூடாக்கி, வெற்றிடக் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைக்கவும். பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் விளக்கின் கவ்வியை முதல் சிலிண்டரின் பிளக் கம்பியில் மாட்டவும். குறித்த வெறுமோட்ட வேகத்தில் விளக்கைக் குறியின்மீது காட்டவும். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிதிருகைச் சற்றே தளர்த்தி, அதை உள்ளே இருக்கும் ரோட்டார் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் முந்தல் கூடும்; அதே திசையில் திருப்பினால் குறையும். டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல்வதால், 1 பாகை திருப்பினால் முந்தல் 2 பாகை மாறும். திருகை இறுக்கியபின் மறுபடி பார்க்கவும்.”

இந்தப் பத்தியில் ‘எரிபற்றல் நேரத்தைக் கூட்டவும்’ என்று இருந்திருந்தால் எந்தப் பக்கம் திருப்புவது? நேரத்தைக் கூட்டினால் பொறி முன்னே வருமா, பின்னே போகுமா? எனக்குப் புரியவில்லை. ‘முந்தலைக் கூட்டு’ என்றால் கை தானாகத் திரும்பும்.

1917 முதல் 1927 வரை வந்த ஃபோர்டு டிடி லாரியில் இந்த வேலை ஓட்டுநரின் கையிலேயே இருந்தது. ஸ்டீயரிங்குக்கு இடப்பக்க நெம்புகோல் பொறிக்கு, வலப்பக்கம் வேகத்துக்கு. கைப்பிடி சுற்றிக் கிளப்புமுன் முந்தலைக் குறைக்க மறந்தால் கைப்பிடி திருப்பி அடிக்கும். மணிக்கட்டு உடைந்தவர்கள் உண்டு. அந்த நெம்புகோலுக்கு ‘முந்துகோல்’ என்றே பெயர் வைத்துவிடலாம்.

டீசலுக்கும் இதே வேர் உதவும்: எரிபொருளைப் பீய்ச்சும் கோணம் ‘பீய்ச்சு முந்தல்’. பிஸ்டனின் உச்சிநிலைக்கு (டாப் டெட் சென்டர்) யாரோ எழுதிய ‘மேல் இறந்த மையம்’ மட்டும் தயவுசெய்து வேண்டாம், ‘மேலெல்லை’ போதும். ‘மேலெல்லைக்கு 6 பாகை முன்’ என்பது வாயிலும் நிற்கிறது.

பாயிண்ட் மூடியிருக்கும் கோணமான ‘ட்வெல்’ பாக்கி இருக்கிறது. நான் ‘மூடுகோணம்’ என்று எழுதிவருகிறேன். இதைவிடச் சிறியது யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள். அடுத்த அத்தியாயம் அதில்தான் தொடங்குகிறது.