மறு: புரோப் என்பதற்குத் தமிழ், கண்டறிதலா தட்டறிதலா?

வணக்கம். நம் கையேட்டில் ‘புரோப்’ (probe, இணைந்திருக்கும் சாதனத்தைக் கணினி அறிகிற வேலைக்குச் சொல்வது) என்பதற்கு ‘தானியங்கு கண்டறிதல்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம் என்று போன மடலில் எழுதியவருக்குத்தான் இது. அந்த ஒரு சொல்லுக்குள் வேறு வேறு வேலைகளைப் போட்டு அமுக்குகிறோம், படிக்கிற பிள்ளை கடைசியில் மின்சுற்றுப் பலகையைத்தான் குற்றம் சொல்லும்.

கணினியோடு சாதனங்களை இணைக்கும் வழிகளில் யூஎஸ்பி, பிசிஐ இரண்டிலும் சிக்கல் இல்லை. கேட்டால் சாதனமே தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் சொல்லிவிடும். அதற்குத் ‘தன்னறிவிப்பு’ போதும்.

ஐ2சி பாட்டையில் (சில்லுகள் பேசிக்கொள்ளும் பொதுக் கம்பித்தடம், ஆங்கிலத்தில் பஸ்) அந்தக் கதை நடக்காது. 7 பிட் முகவரி, ஒதுக்கியவை போக 112 வீடு. ஒவ்வொரு படலையாக (வீட்டு வெளிவாசல் கதவு) தட்டி “ஆக்கள் இருக்கினமோ” என்று கேட்க வேண்டும், உள்ளே இருந்து “ஓம்” என்று மட்டும் குரல் வரும், ஆர் என்று வராது. எனக்குப் பதினறும (16 அடிமான) எண் 68இல் ஓம் வந்தது. டிஎஸ்3231 கடிகாரச் சில்லுதானே என்று அதன் இயக்கியை (சாதனத்தை இயக்கும் மென்பொருள், driver) ஏற்றினேன், நேரம் கண்டபடி ஓடியது, அரை நாள் போன பிறகுதான் பலகையைத் திருப்பிப் பார்த்தேன், இருந்தது எம்பியூ6050 அசைவு உணரி. இரண்டுக்கும் அதே 68. இதைக் ‘கண்டறிதல்’ என்று எப்படிச் சொல்வது? தட்டினேன், ஆள் இருப்பதை அறிந்தேன், அவ்வளவுதான். அதனால் ‘தட்டறிதல்’ என்கிறேன். தட்டுவதிலும் முறை உண்டு: எழுதுவது போலத் தட்டினால் ஏடி24ஆர்எஃப்08 போன்ற நினைவகச் சில்லில் இருப்பது கெட்டுப்போகலாம், அதனால்தான் ஐ2சிடிடெக்ட் என்ற நிரல் 50 முதல் 5எஃப் வரையான முகவரிகளில் வாசிப்பது போலத் தட்டுகிறது.

ஒற்றைக்கம்பிப் பாட்டை இன்னொரு ரகம். திருகோணமலைக்குப் பக்கத்துக் கண்ணியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதை மேசையில் காட்ட ஏழு கோப்பையில் சுடுதண்ணி ஊற்றி, ஏழு டிஎஸ்18பி20 வெப்ப உணரிகளை ஒரே வயரில் கோத்தோம். ஒவ்வொன்றுக்கும் தனி 64 பிட் எண், முதல் பைட் பதினறுமத்தில் 28. கட்டுப்படுத்தி பிட் பிட்டாகக் கழித்து ஏழு எண்ணையும் பிடித்துவிட்டது, ஆனால் எந்த எண் எந்தக் கோப்பையில் என்று அதற்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் உணரிகளை வெளியே எடுத்து ஆறவிட்டு, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, திரையில் எந்த எண்ணுக்குச் சூடு ஏறுகிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இது ‘எண்தேடல்’.

சரி, லினக்ஸில் புரோப் என்ற பெயரில் இருக்கிற செயற்கூறு (function)? அது பெரும்பாலும் எதையும் தேடுவதே இல்லை. 68இல் இன்ன சில்லு என்று சாதன மரத்தில் (எந்தச் சாதனம் எங்கே என்று சொல்லும் கோப்பு) நாம் எழுதி வைக்கிறோம், லினக்ஸின் மையமான கர்னல் பொருந்துகிற இயக்கியைக் கூப்பிடுகிறது, அது வந்து சாதனத்தைத் தன் கையில் எடுக்கிறது. ‘பொறுப்பேற்றல்’ என்றால் சரியாக இருக்கும். மூலத்தில் புரோப் என்று இருக்கிறதே என்பதற்காக இங்கேயும் தட்டறிதல் போட்டால் நான் 68இல் விழுந்த அதே குழியில் அடுத்தவரும் விழுவார்.

‘படலைதட்டல்’ என்றே வைக்க எனக்கு ஆசைதான், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் படலை என்றால் விளங்காது. இயக்கியைச் ‘சாரதி’ ஆக்கலாம் என்றவருக்கும் ஒரு வார்த்தை: இங்கே பஸ் சாரதி என்றால் மூதூர் பஸ் ஓட்டுகிறவர்தான் நினைவுக்கு வருவார்.

தட்டறிதலுக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், கையேட்டின் ஐ2சி பகுதியை அன்று இரவுதான் திருத்தப் போகிறேன்.