இந்தியச் சொத்து, கொழும்பில் போட்ட கையெழுத்து: உங்கள் அனுபவம் என்ன?

வெள்ளவத்தை மகள்
2017இல் நடந்தது. அம்மா திருச்சிப் பக்கம், கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். தாத்தா 1998இலேயே இறந்துபோய்விட்டார். பூர்வீக வயலுக்காக மாமா ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது அம்மா தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், அனுப்பியிருந்தார். தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினோம். 2015 பூலாவதி தீர்ப்பைச் சொன்னார்: மகளுக்கும் சம பங்கு என்ற சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தகப்பன் உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை. சரி என்று விட்டோம்.

"எனக்கு யாதொரு பாத்தியதையும் இல்லை" என்ற வரியில் விரலை வைத்து அம்மா இரண்டு தரம் வாசித்தார். பேனை மூடியைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். போட்டுவிட்டார்.

2020 ஆகஸ்ட் 11, வினீதா சர்மா தீர்ப்பு. அந்த உரிமை பிறப்பாலேயே வருகிறது, அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்கத் தேவையில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப நான் பிறந்த அன்றைக்கே எனக்கும் இருந்ததா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

கொட்டாஞ்சேனை 13
எங்களுடையது பவர் கதை, அதாவது ஒருவர் தனக்காகச் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணிப் பத்திரம். 2006இல் அப்பா சென்னையில் ஃபிளாட் எடுத்தார். இலங்கைக் குடியுரிமைக்காரர் அங்கே வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். தரகரோ, "அற்றோணி எழுதிக்கொண்டால் அதெல்லாம் தேவையில்லை" என்றார். முழுக்காசும் கொடுத்தோம். உரிமையாளர் செத்த பிறகு அவருடைய மகன் கேட்டில் நின்றுகொண்டு மூலப்பத்திரத்தை உயர்த்திக் காட்டினார். 2011 சூரஜ் லாம்ப் தீர்ப்பில் தெளிவாக இருக்கிறது, பவர் பத்திரத்தால் உரிமை கைமாறாது, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும். அப்பாவின் பவர் இன்னமும் பிஸ்கட் டின்னுக்குள்தான்.

தெமட்டகொடை அண்ணன்
எனக்கும் தங்கச்சிமாருடன் ஒரு பாகப் பிரச்சினை வந்து தீர்ந்தது, அது கிடக்கட்டும். முதல் பதிவு போட்ட தங்கச்சி, தீர்ப்பு மாறியதால் அம்மாவின் பத்திரம் தானாக ரத்தாகாது. ரத்துச் செய்ய வழக்குப் போடவேண்டும், விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலவரம்பு. இன்னொன்று, 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதை வினீதா சர்மா தீர்ப்பும் அசைக்காது. முதலில் வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் விவரம்) எடுங்கள், தமிழ்நாடு பதிவுத்துறைத் தளத்திலேயே பார்க்கலாம். பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். இங்கிருந்து யாருக்காவது அற்றோணி கொடுப்பதென்றால் கொள்ளுப்பிட்டியில் இந்திய உயர்ஸ்தானிகராலயத்தில் அத்தாட்சிப்படுத்துங்கள், அது இந்தியா போய்ச் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். தம்பி கொட்டாஞ்சேனை, தரகரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அனுமதி வேண்டும் என்று தெரிந்துதானே அப்பா கொடுத்தார்?

கொட்டாஞ்சேனை 13
தெரிந்து கொடுக்கவில்லை அண்ணை. தரகர் சொன்னதை நம்பிக் கொடுத்தார். 1983இல் எல்லாம் எரிந்த மனுசன், கடல் தாண்டி ஒரு கதவு வேண்டும் என்று நினைத்தார்.

வெள்ளவத்தை மகள்
அண்ணா, வழக்குப் போட அம்மா விடமாட்டார். மாமா ஒவ்வொரு பொங்கலுக்கும் யாராவது வந்தால் அந்த வயல் அரிசி கொடுத்தனுப்புவார். தீர்ப்புக்குப் பிறகு வந்த முதல் பையை அம்மா அவிழ்க்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.