காலி ஸ்லொட்டின் அருமை: மலையகத்துக் கம்பியூட்டர் அனுபவங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் ஹட்டனில் கோல் எடுக்கவும் பெக்ஸ் அனுப்பவும் கொமியூனிகேஷன் கடைக்குத்தான் போவோம். அப்படியொரு கடை முதலாளி இன்டர்நெட்டுக்காக ஒரு கம்பியூட்டர் வாங்கிப் போட்டார். உள்ளே டெலிபோன் கம்பி வழியாக இன்டர்நெட்டில் இணைக்கும் மொடெம் கார்ட். மவுஸ் நன்றாகத்தான் ஓடும். மொடெம் டயல் பண்ணத் தொடங்கியதும் அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மவுஸை மாற்றிப் பார்த்தார்கள், விண்டோஸைத் திரும்பப் போட்டார்கள். ஒன்றும் சரிவரவில்லை. எனக்குத் தொழில் சொல்லித் தந்த அண்ணன் வந்தார். பெட்டியைத் திறந்தார், மொடெம் கார்டில் ஊசிகளை இணைக்கும் சின்ன மூடியான ஜம்பரை இடுக்கியால் கழற்றிப் பக்கத்து ஊசியில் மாட்டினார். மெஷின் எழும்பும்போதே ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் கொம்2 என்ற போர்ட்டை நிறுத்தினார். பிரச்சினை தீர்ந்தது.

விஷயம் இதுதான். மவுஸ் கொம்1இல் இருந்தது, மொடெம் கொம்3இல். இரண்டுக்கும் வழக்கமாகக் கிடைப்பது ஐஆர்க்யூ 4. ஒரு கார்டுக்கு வேலை வரும்போது அது புரொசெசரைக் கூப்பிடும் கம்பிதான் ஐஆர்க்யூ. முதல் ஐபிஎம் பிசியில் அந்தக் கம்பிகள் 8. 1984இல் ஐபிஎம் கொண்டுவந்த ஏடி என்ற பிசியில் 15. கார்ட் செருகும் இடம்தான் ஸ்லொட். பழைய ஐஎஸ்ஏ வகை ஸ்லொட்டில் ஒரு கம்பியை இரண்டு கார்டுகள் பங்கு போட முடியாது. அண்ணன் மெஷினின் சொந்தக் கொம்2ஐ நிறுத்தி, காலியான அந்த இடத்துக்கு, அதாவது ஐஆர்க்யூ 3க்கு, மொடெமை மாற்றிவிட்டார்.

அன்றைக்கு நான் எல்லாப் பாகங்களும் ஏறும் பெரிய பலகையான மதர்போர்டில் சும்மா கிடந்த ஸ்லொட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியூட்டர் வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். புரொசெசரைக்கூட அதற்கு அப்புறம்தான் வைப்பேன்.

1975இல் ஆல்டேர் 8800இல் கார்டுகளை மெஷினோடு இணைக்கும் பொதுவான கம்பித் தொகுதி, அதாவது 100 ஊசிகள் கொண்ட பஸ், இருந்தது. 1977இல் ஆப்பிள் 2இல் 8 ஸ்லொட். 1981 ஓகஸ்ட்டில் ஐபிஎம் தன் பிசியை 5 ஸ்லொட்டோடு வெளியிட்டது. திரைக்கு ஒரு கார்ட், பிளொப்பிக்கு ஒரு கார்ட் என்று அந்த மெஷினே ஸ்லொட்டை நம்பித்தான் ஓடியது. அதைவிட முக்கியம், சர்க்யூட் படங்களையும் பயாஸ் நிரலையும் ஐபிஎம் புத்தகமாகவே விற்றது. அதனால் யாரும் அதற்குக் கார்ட் செய்ய முடிந்தது. கார்டுகள் பெருகின, விலை இறங்கியது.

மார்க் டீன், டெனிஸ் மோலர் என்ற இரண்டு ஐபிஎம் பொறியியலாளர்களின் பெயரை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிக் கருவிகள் பஸ் வழியாக மெஷினோடு வேலை செய்யும் ஏற்பாட்டுக்கு 1985இல் காப்புரிமை பெற்றவர்கள். டீன் ஒரு கறுப்பின அமெரிக்கர்.

ஏடியில் ஒரே தடவையில் 8 பிட் தகவல் அனுப்புவதிலிருந்து 16 பிட்டுக்குப் போன விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. பழைய 62 ஊசி ஸ்லொட்டை அப்படியே விட்டுவிட்டு, அதே வரிசையில் 36 ஊசிக்கு இன்னொரு துண்டைச் சேர்த்தார்கள். பழைய கார்டும் ஏறும், புதிய கார்டும் ஏறும். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவனை அவர்கள் கைவிடவில்லை. 1987இல் ஐபிஎம்மே மைக்ரோ சனல் என்று பழைய கார்டுகள் ஏறாத ஒரு ஸ்லொட்டைக் கொண்டுவந்தது. வேகத்தில் குறை இல்லை, ஆனால் அது பரவவில்லை. அடுத்த வருடமே கொம்பாக் உட்பட 9 கம்பனிகள் சேர்ந்து, பழைய கார்டுகளும் பொருந்தும் ஈஐஎஸ்ஏ என்ற ஸ்லொட்டை அறிவித்தன.

இதெல்லாம் மலையில் இருப்பவனுக்கு எதற்கு? ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். இடி டெலிபோன் கம்பி வழியாக வந்து மொடெமை எரித்துவிடும். மொடெம் கார்டாக இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போடலாம், மெஷின் பிழைத்துவிடும். பிறகு நெட்வொர்க் கேபிள் செருகும் லேன் போர்ட் மதர்போர்டிலேயே வந்தது. ரவுட்டர் கேபிள் வழியாக இடி இறங்கி லேன் போர்ட் செத்த மெஷின்களை எத்தனையோ பேர் கொண்டுவந்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் பயாஸில் அந்த லேனை நிறுத்திவிட்டு, காலி ஸ்லொட்டில் ஒரு லேன் கார்டைச் செருகிக் கொடுப்பேன். தோட்டத்திலிருந்து கடன்பட்டுப் பிள்ளைக்குக் கம்பியூட்டர் வாங்கிய அம்மாவிடம் “போர்டே போச்சு” என்று சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

நுவரெலியாவிலிருந்து:

அண்ணே, எங்கள் பக்கம் இடியைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. பாடசாலை லீவு முடிந்து லேபைத் திறந்தால் நாலைந்து மெஷின் திரையில் ஒன்றும் காட்டாமல் பீப் பீப் என்று கத்தும். பெரும்பாலும் ரேமின் செம்பொன் விளிம்பில் படிந்த அழுக்குத்தான். கழற்றி, பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டுத் திரும்பப் போட்டால் எழும்பிவிடும். பழைய டிடிஆர்3 வகை ரேமில் 240 ஊசி, அதற்கு அடுத்த டிடிஆர்4இல் 288. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறி இருக்கும். அதனால் மாணவர்களிடம் தைரியமாகக் கொடுக்கிறேன். தவறான ரேம் உட்காரவே உட்காராது. இந்த வெட்டை யோசித்தவர்களுக்கும் ஒரு கும்பிடு.

பண்டாரவளையிலிருந்து:

மிகப் பெரிய கண்டுபிடிப்பு என்றால் நான் யூஎஸ்பியைச் சொல்வேன். 1996இல் வந்தது. இன்டெலில் அந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் ஒருவரான அஜய் பட் பரோடாவில் படித்தவர். ஒரு கன்ட்ரோலரின் கீழ் 127 கருவிகள் வரை இணைக்கலாம், அதனால் ஐஆர்க்யூ தேடி அலைய வேண்டியதில்லை. டீச்சராக இருக்கும் என் அக்கா பிரின்டரைத் தானே செருகி வினாத்தாள் எடுக்கிறார்.

அண்ணே, ஒரு கேள்வி. என் மதர்போர்டில் சின்ன எஸ்எஸ்டி டிஸ்க் செருகும் எம்.2 இடம் இல்லை. என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி போட வழி உண்டா?

ஹட்டனிலிருந்து பதில்:

உண்டு தம்பி. இப்போதைய ஸ்லொட்டான பிசிஐ எக்ஸ்பிரஸில் செருகும் அடெப்டர் கார்ட் வாங்கு. அது தகவல் போக நாலு பாதை உள்ள கார்டாக இருக்கும். 16 பாதை உள்ள பெரிய ஸ்லொட் காலியாக இருந்தால் அதிலேயே ஏறும். சின்னக் கார்ட் பெரிய ஸ்லொட்டில் வேலை செய்வதற்கும் ஏடியில் பார்த்த அந்தப் பழைய யோசனைதான் காரணம். ஆனால் பயாஸ் பழையது என்றால் அதிலிருந்து பூட் ஆகாமல் போகலாம். அப்படியானால் விண்டோஸை இப்போதிருக்கும் சாட்டா டிஸ்க்கிலேயே விட்டுவிட்டு, பைல்களுக்கு மட்டும் புதியதை வைத்துக்கொள். வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து எந்த ஸ்லொட் காலி என்று ஒரு போட்டோ போடு, பார்த்துச் சொல்கிறேன்.